ஆசிரியர் அஞ்சினால் தமிழ் அஞ்சும்

(கள்ளக்குறிச்சியில் ஆசிரியரும் மாணவரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிக்காப்புப் பற்றிப் பேசவே என்னை அழைத்தீர்கள். நானோ கல்லூரி ஆசிரியரின் ஊதியம், பணிக்காப்பு, கழகம் ஆகியவை பற்றிப் பேசப் போகின்றேன். பொருளை விட்டு விலகுகின்றேன் என்று எண்ணற்க. கல்லூரிக்குள் தமிழைக் காக்க வேண்டியவர் ஆசிரியர். அவர் நாவைக் கட்டிவைத்து விட்டுத் தமிழை மட்டும் கட்டவிழ்த்து விட எவராலும் இயலாது.

நம் இயக்கத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகள் 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடம் என்னும் நிலை மாறியது. 1911 இல் அடிகள் கல்லூரியை விட்டு வெளியேறினார். தமிழின் இடம் சுருங்கினால் தமிழாசிரியனின் சோறும் சுருங்கும் என்பதற்கு அதுவே முதற்சான்று.

மொழிஞாயிறு பாவாணர் சேலம் நகராட்சிக் கல்லூரியில் பன்னிரண்டாண்டு பணியாற்றிப் பின்னர் 1956 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். ஆங்கு அவர்தம் சொற்பிறப்பியல் ஆய்வுமுறையை ஏற்காதார் கை ஓங்கியது. 1961 இல் அவர் வெளியேற நேர்ந்தது. அகரமுதலிப் பணியை அரசின் துணையோடு அவர் தொடங்கியது 1974 இல். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் தமிழ் இழந்ததை யாரே அளந்து கூற வல்லார்?

பேராசிரியர் இலக்குவனார் 1952 தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்ற கோ. து. நாயுடுவை ஆதரித்தமையால் விருதுநகரில் வேலையிழந்தார். 1965 இல் தமிழ்வழிக் கல்விக்காக மதுரையிலிருந்து சென்னைக்கு நடைப்பயணம் செல்ல முனைந்தார். இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டார். அப்பொழுது மதுரைத் தியாகராசர் கல்லூரியில் இருந்த வேலையும் போயிற்று.

இம்மூவரையும் நாம் போற்றுகின்றோம், படம் திறக்கின்றோம், பிறந்தநாள் கொண்டாடுகின்றோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டதில்லை. இவர்கள் வெளியேறியபோது உடன் பணியாற்றிய ஆசிரியர் அனைவரும் ஒருசேர எழுந்து, "இவரை இழக்க நாங்கள் இசையோம்" என்று ஏன் சொல்ல இயலவில்லை? அவர்கள் தமிழ்ப்பகைவர் அல்லர். சேர்ந்து நின்றால் தம்மைக் காக்கும் வேலி எதுவும் அவர்களுக்கு இல்லை. அறிஞன் தனியனாய் நின்றான், தனியனாய் வெளியேறினான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சருக்கரை ஆலைகள் உள்ளன. ஓர் உழவன் தன்னந்தனியே ஆலை வாயிலில் நின்று, "என் கரும்புக்கு விலையை உயர்த்து, நிலுவையைக் கொடு" என்றால் யார் செவிகொடுப்பார்? வெட்டாணை தாமதப்பட்டால் வயலிலேயே காய்வது அவன் கரும்புதான். உழவர் அனைவரும் கூடிக் கேட்கும்போதே பேச்சுக்கு ஆள் வருகின்றது. கூட்டுப் பேர உரிமை என்று தொழிலாளர் உலகம் கூறுவது இதனைத்தான்.

"ஆசிரியப் பணி அறப்பணி, அதிற் பேரம் பேசலாமா?" என்று சிலர் வினவுகின்றனர். இப்புகழுரைக்குள் ஒரு பூட்டு உள்ளது. அதனைத் திறந்து காட்டுகின்றேன்.

1978 இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில், கல்வி நிறுவனமும் தொழிலகமே என்று உச்சநயன்மன்றம் கூறியது. 1988 இல் கோவாவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரின் வழக்கில் அதே மன்றம், கற்பித்தல் உயரிய தொண்டாகலின் ஆசிரியர் 1947 ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டப்படி தொழிலாளர் ஆகார் என்று தீர்த்தது. கல்லூரி தொழிலகமாம், அதன் வாயிற்காவலர் தொழிலாளராம், உள்ளே கற்பிப்பவர் மட்டும் தொழிலாளர் அல்லராம்! அச்சட்டத்திற்கு மாற்றாக வந்த 2020 ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு, செய்தியாளரையும் விற்பனை வளர்ப்புப் பணியாளரையும் பெயர்சுட்டித் தொழிலாளர் வரையறைக்குள் சேர்த்துள்ளது. ஆசிரியரை அவ்வாறு சேர்க்கவில்லை.

இது நம் நாட்டின் புதுமையும் அன்று. அமெரிக்க உச்சமன்றம் 1980 இல் யெசிவா பல்கலைக்கழக வழக்கில், அங்குள்ள பேராசிரியர்கள் ஆளுகையில் பங்குகொள்வதால் அவர்கள் மேலாளர்களே என்று கூறிக் கூட்டுப் பேர உரிமையை மறுத்தது. ஆங்கே மேலாளர் என்று உயர்த்தி மறுத்தனர். ஈங்கே தொண்டர் என்று போற்றி மறுத்தனர். மாலையிட்டுக் கையைக் கட்டும் முறை இரண்டிடத்தும் ஒன்றே. 2003 இல் தமிழக அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் வேலைநிறுத்தத்திற்காக நீக்கப்பட்டபோது, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு அடிப்படை உரிமையோ சட்டவுரிமையோ அறவுரிமையோ இல்லை என்றும் உச்சநயன்மன்றம் கூறிவிட்டது.

சட்டம் மறுத்தும் ஆசிரியர் கூடினர், கூடியதால் பெற்றனர். 1976 ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். இதோ நம் கண்முன் நிற்கும் கல்வராயன் மலை அவ்வாண்டு வரை சாகீர்தார்களின் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் அவர்கள் நிலத்தில் கூலியின்றி உழைத்தனர். அவ்வாண்டில்தான் மலை அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதே 1976 இல்தான் தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. அதற்குமுன் தனியார் கல்லூரி ஆட்சிக்குழுத் தலைவர் பலர் சிறு சாகீர்தார்களாகவே விளங்கினர். வேண்டாத ஆசிரியரை ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடலாம். உரிய அதிகாரியின் முன்னொப்புதலின்றி நீக்கலாகாது என்னும் காப்பு, ஆசிரியர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிய பின்னரே கிடைத்தது. இலக்குவனார்க்கு இல்லாத வேலி அது.

அந்த வேலி இன்று எவ்வாறு உள்ளது? ஒருபுறம், 1980-களின் நடுவிலிருந்து தன்னிதிக் கல்லூரிகள் பெருகின. சட்டம் இருந்தும், அதனைக் கேட்டுப் பெறக் கழகம் இல்லாத இடங்கள் அவற்றுட் பல. மறுபுறம், அரசுக் கல்லூரிகளிலேயே வகுப்புகளைத் தாங்கி நிற்போருள் பெரும்பகுதியினர் நிலையான பணியிலர். 'கௌரவ விரிவுரையாளர்' என்று அவர்களுக்கு வடசொற்பெயர் சூட்டியுள்ளனர். மதிப்பூதிய விரிவுரையாளர் என்று நாம் தமிழாக்கலாம். தமிழாக்கிவிட்டால் மதிப்பு வந்துவிடுமா? திங்களுக்கு 50,000 உருபா வரை வழங்கலாம் எனப் பல்கலைக்கழக நல்கைக் குழு 2019 இல் வரையறுத்தது. 2024 ஆம் ஆண்டிலும் இங்கே அவர்கள் பெற்றது 25,000 உருபா. அதுவும் பதினொரு திங்களுக்கே.

ஊதியத்தினும் கொடியது அச்சம். கல்வராயன் மலையில் 2006 ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் எவ்வளவு நடைமுறைக்கு வந்துள்ளது என்று ஆராய ஓர் ஆசிரியர் விரும்புகின்றார் எனக் கொள்வோம். மலைமக்களின் பேச்சிலுள்ள பழந்தமிழ்ச் சொற்களைத் தொகுக்க மற்றொருவர் விழைகின்றார் எனக் கொள்வோம். வரும் ஆண்டு வேலை உண்டா என்றே அறியாதவர் அதிகாரியைச் சினமூட்டும் ஆய்வில் இறங்குவாரா? துறைத்தலைவர் ஆங்கிலவழி என்றால், தமிழ்வழி என்று மறுத்துரைப்பாரா? வெள்ளிமலையிலிருந்து முதல் தலைமுறையாய்க் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்குத் தேவையானவர் அஞ்சாது உண்மை கூறும் ஆசிரியர். நாம் அப்பிள்ளைக்கு அளித்திருப்பவரோ, கோடை விடுமுறையில் ஊதியமின்றிக் கலங்கி நிற்பவர்.

உலக அறிஞர் இதனை உணர்ந்துள்ளனர். யுனெசுகோ 1997 இல் உயர்கல்வி ஆசிரியர் நிலைபற்றி ஏற்ற பரிந்துரை, கற்பிக்கும் உரிமை, ஆயும் உரிமை, பணிக்காப்பு, கூட்டுப் பேர உரிமை அனைத்தையும் ஒரே ஆவணத்துள் வைத்துள்ளது. ஒன்றைக் கழற்றினால் மற்றவை நில்லா என்பதே அதன் கரணியம்.

கூடிநின்றால் இன்றும் ஆகும். அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழிசெய்யும் சட்டமுன்வரைவு 2025 அக்குதோபரில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மாறிவிட்டால் ஆசிரியர்க்கும் ஏழை மாணவர்க்கும் உள்ள காப்பு என்னாகும் என்று ஏ.யூ.டி., மூட்டா முதலிய ஆசிரியர் அமைப்புகளும் பிறரும் எதிர்த்தெழுந்தனர். சில நாள்களிலேயே மறு ஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது.

இனி, இருசாராரிடமும் கசப்பான ஒன்றைக் கூறி முடிக்கின்றேன்.

ஆசிரியர் கழகத்தாரே! உங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஊதியக்குழு உள்ளது, பதவியுயர்வு உள்ளது, ஓய்வூதியம் உள்ளது. வேண்டியவையே. ஆனால் தமிழ்வழி வகுப்பும் தமிழில் ஆய்வேடு எழுதும் உரிமையும் அப்பட்டியலில் எத்தனையாவது இடத்தில் உள்ளன? நிலையான பணியுடையோர் தமக்கு மட்டும் பேசி, மதிப்பூதியத்தாரை வாயிலில் நிறுத்தினால், நாளை உங்கள் இருக்கையும் மதிப்பூதிய இருக்கையாகும்.

தமிழியக்கத் தோழர்களே! 'சம்பளப் போராட்டம்' என்று ஆசிரியர் போராட்டத்தை எள்ளி ஒதுங்கினோமே, அது நம் பிழை. கடைப்பலகையைத் தமிழில் எழுதச் சொல்லித் தெருத்தெருவாய்ச் சென்ற நாம், தமிழை வகுப்பிற் கற்பிப்பவன் வேலையிழந்தபோது அவன் வீட்டு வாயிலை எட்டிப் பார்த்தோமா? அடுத்தமுறை மதிப்பூதிய விரிவுரையாளர்கள் உண்ணாநோன்பிருக்கும் பந்தலில் நம்மவர் அமர்ந்திருத்தல் வேண்டும். அவர்கள் பட்டியலில் தமிழ்வழிக் கல்வி முதல்வரியாய் நிற்றல் வேண்டும்.

மறைமலையடிகளும் பாவாணரும் இலக்குவனாரும் தனியே நின்றும் வென்றவர்கள். எல்லா ஆசிரியரும் அவர்களைப் போல் மலையாக இருத்தல் இயலாது. எளிய ஆசிரியனும் அஞ்சாது தமிழ் கற்பிக்கும் நிலையை உண்டாக்குவதே இயக்கத்தின் வேலை. அவ்வேலையை இக்கள்ளக்குறிச்சியிலேயே தொடங்குவோம்.