பால் மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

(அறவாரியத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் சாலையோர நந்தவனக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



“நந்தவனத்தின் வளர்ச்சி” என்னும் தலைப்பில் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். அந்தத் தலைப்பில் பேசினால், நாம் போட்ட முதல் நந்தவனம் பட்டுப்போன கதையை நான் மறைக்க வேண்டிவரும். அது உங்கள் பணத்தில் போட்ட நந்தவனம். ஆகவே தலைப்பை நானே மாற்றிக்கொண்டேன். செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

நம் ஆலயத்தின் முன்மதிலுக்கும் தார்ச்சாலைக்கும் இடையில் இருநூறு அடி நீளம், எட்டடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. அது நம்முடைய நிலமன்று, சாலைக்கென்று ஒதுக்கப்பட்டது. ஒரு காலத்தில் இந்த வட்டாரமே ரப்பர்க் காடு. தோட்டம் விற்கப்பட்டு, தாமான் எழும்பியபோது மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டார்கள். எஞ்சியது செம்மண் கட்டியும் உடைந்த செங்கல்லும்தான். அதன்மேல் லாலான் புல் முளைத்தது, குப்பையும் சேர்ந்தது. பூசைக்குரிய பூவைக் கடையில் வாங்குகிறோமே, வாசலிலேயே வளர்த்தால் என்ன என்று 2015-ஆம் ஆண்டு முடிவு செய்தோம்.

ஆர்வத்தோடு செய்தோம், ஆனால் யோசிக்காமல் செய்தோம். லாரியில் புல் பத்தைகள் வந்து இறங்கின. ரோஜா, செவ்வந்தி, மல்லிகை, பெயர் தெரியாத பல வண்ணச் செடிகள் எல்லாம் வந்தன. ஒவ்வொரு செடிக்கும் ஓர் உபயகாரர்; ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சிறு பலகை. திறப்பு விழாவன்று பார்க்கக் கண் கொள்ளாக் காட்சியாக இருந்தது.

2016 தொடக்கத்தில் எல் நினோ வறட்சி வந்தது. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வானம் வெள்ளைத் தகடாகவே இருந்தது. நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் புல்தரை நான்கைந்து லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும். நம் துண்டு நிலம் ஏறக்குறைய 150 சதுர மீட்டர். அதாவது நாளொன்றுக்கு 600 லிட்டருக்கு மேல் ஊற்றினால்தான் பச்சை நிற்கும். காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர் என்று முறை வைத்து ஊற்றினோம். தண்ணீர்க் கட்டணம் ஏறியது, வருகிறவர்கள் குறைந்தார்கள். நானும் சில நாள் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரலில் மழை வந்தபோது பெரும்பாலான செடிகள் இல்லை. பலகைகள் மட்டும் நின்றன. ஒருவர் தம் காலஞ்சென்ற துணைவியார் பெயரில் ஒரு ரோஜாச் செடி கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பலகைக்கு முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டுப் போவார். செடி காய்ந்த பின்பும் அப்படியே வந்து நின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நாள்களில் ஒரு மாலை என் தாயாரை ஆலயத்திற்கு அழைத்து வந்தேன். அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முதலில் புல்வெட்டு வேலையிலும் பிறகு பால்வெட்டு வேலையிலும் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆகவே எதையும் அவருக்கு நான்தான் விளக்குவேன். அன்றும் எல் நினோ பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி புள்ள, பால் மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துனது?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரில் எவரும் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கவில்லை. கன்று மழைக்காலத் தொடக்கத்தில் நடப்படும். அதற்கு வெகுநாள் முன்பே குழி வெட்டி ஆறப்போட்டிருப்பார்கள். கன்றைச் சுற்றி வெட்டிய புல்லைப் போட்டு மூடுவார்கள். நிரைகளுக்கிடையே கொடி படர விடுவார்கள். மேட்டு நிலமென்றால் படிப்படியாக வெட்டி, இடையிடையே மழைத்தண்ணீர் இறங்கக் குழி தோண்டுவார்கள். மரம் வளர்ந்த பிறகு ஆண்டுதோறும் அதுவே இலையுதிர்த்துத் தன் காலடியை மூடிக்கொள்ளும்.

தொடக்க காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தரை கண்ணாடிபோல் சுத்தமாக இருக்க வேண்டுமென்று ஒரு புல்லும் விடாமல் செதுக்கச் சொன்னார்கள். மழையில் மேல்மண் ஆற்றோடு போயிற்று. பட்டபின்தான் கொடிப் பயிருக்கு மாறினார்கள். 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பிற்பாடு இதையெல்லாம் முறைப்படுத்தியது. அந்த முறையைக் கையால் செய்தவர்கள் நம் பாட்டிமார்களும் தாய்மார்களும்தாம். சங்கடம் என்னவென்றால், தோட்டத்தை விட்டு வந்தபோது பானை சட்டியைக் கொண்டு வந்தோம், சாமியைக் கொண்டு வந்தோம், இந்தக் கைவேலையை மட்டும் கூலி வேலைதானே என்று விட்டுவிட்டு வந்தோம்.

ஈப்போ வறண்ட ஊரன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னைப் பட்டணத்தில் சுமார் 1,400தான். நமக்கு மழை குறையில்லை, பெய்தது நிற்பதில்லை. ஒரு மணி நேரத்தில் கொட்டி, இறுகிய செம்மண்ணில் வழுக்கிக் கானில் விழுந்து கிந்தா ஆற்றுக்குப் போய்விடுகிறது. ஈயம் தோண்டிய பழைய லம்பங்களை அடுத்துக் குடியிருப்போருக்கு இது வேறு விதம்: அங்கே வெறும் மணல்; ஊற்றியது சல்லடையில் ஊற்றியதுபோல் கீழே போய்விடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மக்கிய இலை.

இரண்டாவது நந்தவனத்தைத் தாயாரின் மேற்பார்வையில் போட்டோம். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கங்காணிபோல் வேலை வாங்கினார். முதலில் உள்ளாட்சி மன்றத்திற்கு எழுதி எழுத்து மூலம் அனுமதி பெற்றோம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தோட்டத்தில் நாம் கட்டிய கோயில்கள் பலவற்றுக்கு நிலத்தின் பேரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் போனதும், அதனால் பட்ட பாடும் இங்கே பலருக்குத் தெரியும். எட்டடி நிலமானாலும் காகிதம் வேண்டும். மேலே மின்கம்பி, கீழே தண்ணீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி எங்கே போகிறதென்று கேட்டறிந்த பிறகே மண்வெட்டியை எடுத்தோம். முச்சந்தி முனையில் வண்டியோட்டியின் பார்வையை மறைக்காதபடி முழங்கால் உயரச் செடிகள் மட்டும் வைத்தோம்.

புல் பத்தைகளை எடுத்துவிட்டு, நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் எட்டுக் குழிகள் வெட்டினோம். அடியில் உடைந்த செங்கல், மேலே காய்ந்த இலை. மண்டபக் கூரையிலிருந்து இறங்கும் குழாயை மதிலடியில் திருப்பி இந்தக் குழிகளுக்கு விட்டோம். மிஞ்சியது கானுக்குப் போகும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் மண்டபக் கூரை 200 சதுர மீட்டர். ஒரு சாதாரண மாலை மழை, 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 4,000 லிட்டர். அத்தனை காலமும் அதைக் கானில் விட்டுவிட்டுக் குழாயடியில் வாளியோடு நின்றிருக்கிறோம்.

கொசு வராதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே குழியில் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் இன்னும் ஆழப்படுத்தி இலை நிரப்ப வேண்டும். தேங்காய் மட்டை போடும்போது குழிப்பக்கம் கீழே இருக்கட்டும். ஒவ்வொரு மழைக்கும் பிறகு இளைஞர் அணியினர் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள்.

மூடாக்கு நாலங்குல உயரம். செடியின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டை ஒட்டினால் அழுகும், கறையானும் ஏறும். சாமிக்குச் சாத்திக் கழித்த மாலைகள் முன்பு குப்பை வண்டியில் போயின. மனத்துக்கு உறுத்தலாக இருக்கும். இப்போது மக்கவைத்து நந்தவனத்திற்கே போடுகிறோம். அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நைலான் நூலிலும் கம்பியிலும் கட்டிய மாலை வாங்காதீர்கள். அவற்றைப் பிரித்தெடுக்க வெள்ளிதோறும் மூன்று பெண்மணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அபிஷேகப் பால் ஈயையும் எறும்பையும் கூட்டும். அதையும் செடியில் ஊற்ற வேண்டாம்.

எந்தச் செடி? இங்கே ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. இந்த மண்ணின் செடிதான் வேண்டும் என்று ஒரு சாரார். நம் ஊர்ச் செடி வேண்டும் என்று ஒரு சாரார். பார்த்தால் பலவும் இரண்டு மண்ணுக்கும் சொந்தம். திருவண்ணாமலைத் தலமரமான மகிழம் இங்கே பூங்கா தஞ்சோங். மயிலாப்பூர்த் தலமரமான புன்னை இந்நாட்டுக் கடற்கரையில் தானாக வளர்வது. செண்பகத்தைச் செம்பக்கா என்கிறார்கள். வெட்சி இனத்தில் இந்நாட்டுக் காடுகளுக்கே உரிய வகைகள் உண்டு. அசோக மரத்தின் உறவான மஞ்சள் அசோகு ஒன்று பேராக் ஓடைக்கரைகளில் வளர்கிறது. அதன் தாவரவியல் பெயரிலேயே நம் தைப்பிங் ஊரின் பெயர் இருக்கிறது. ஈரம் விரும்பும் மரம். ஆகவே அதைக் கூரைத்தண்ணீர் விழும் முதல் குழியை அடுத்து வைத்தோம். மூன்று மகிழம் மதிலோரம். புன்னை பெரிதாக வளரும், வேருக்கு இடம் வேண்டும். அகன்ற கோடியில் ஒன்று மட்டும். கீழே வெட்சி, நந்தியாவட்டை, கானோரம் வல்லாரை. சாலைப் புகை படிவதால் அந்த வல்லாரையைப் பறித்துச் சமைக்க வேண்டாம். நாம் தோட்டத்துப் பிள்ளைகளாக இருந்தபோது பழம் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்ட செண்டுடுக் செடியும் இரண்டு உண்டு. அதைக் களையென்று யாரோ வெட்டப்போக, தாயார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

வேம்பு இந்த மண்ணுக்கு உரியதன்று. ஆனாலும் அம்மனுக்கு வேண்டுமே என்று மேட்டில் ஒன்று வைத்தோம். வந்து சேர்ந்ததுதானே என்று தள்ள முடியுமா? ரப்பர் மரமே பிரேசிலிலிருந்து வந்ததுதான். 1877-இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்து, அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்றை இன்றும் அங்கே பார்க்கலாம். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

நடவை அக்டோபர் மழையில் வைத்துக்கொண்டோம். முதல் ஆறு மாதம் மழையில்லாத வாரங்களில் மட்டும் செடிக்கு ஒரு வாளி ஊற்றினோம். இரண்டாம் ஆண்டிலிருந்து துளசிக்கும் மல்லிகைக்கும் தவிர வேறெதற்கும் குழாய்த் தண்ணீர் இல்லை. மறுபடியும் எல் நினோ வந்து 2024 தொடக்கத்தில் வெயில் வாட்டியபோது, நான் பயந்துகொண்டே தினமும் மகிழத்தடி மூடாக்கை விலக்கி விரலால் தோண்டிப் பார்த்தேன். மேலே சருகு நொறுங்கியது. ஒரு விரற்கடை கீழே மண் குளிர்ந்திருந்தது. இரண்டு நந்தியாவட்டைகள் பட்டுப்போயின. மற்றவை பிழைத்தன.

இனி உபயகாரர்களுக்கு. நந்தவனத்திற்கு மீண்டும் சலவைக்கல் பீடமும் நீரூற்றும் செய்துதர ஒரு பெருந்தகை முன்வந்திருக்கிறார். அவருடைய நல்ல மனத்தை வணங்குகிறேன். ஆனால் குழுவின் சார்பில், வேண்டாம் என்று இந்தச் சபையிலேயே சொல்லிக்கொள்கிறேன். சிமெண்டுத் தரை போட்டால் மழை இறங்கும் வழி அடைபடும். அந்தப் பணத்தில் பின்மண்டபக் கூரைத்தண்ணீரையும் திருப்பலாம். இன்னொன்று: செடிக்கொரு பெயர்ப்பலகை இனி இல்லை. கொடுத்தவர் பெயரெல்லாம் ஒரே பேரேட்டில் இருக்கும். அதை விசேஷ நாளில் சந்நிதியில் வைத்து வாசிக்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது. அந்த வழியில் வந்தவர்கள் நாம். மாதம் ஐந்து வெள்ளியும், இரண்டு மணி நேர உழைப்பும் தருகிறவர்கள் முப்பது பேர் கிடைத்தால் போதும்.

ரோஜாச் செடி கொடுத்தவர் இன்று இந்த அவையில் இருக்கிறார். மகிழங்கன்று நட்ட நாளில், தாமே வந்து குழி வெட்டினார். இப்போது அது அவர் தலைக்குமேல் நிற்கிறது. காலையில் வந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிச் சந்நிதியில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூன்றாவது, நான்காவது குழிகளை வாரி, மக்கியதை எடுத்து மரத்தடியில் போடுகிறோம். மண்வெட்டி ஆலயத்தில் ஆறுதான் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். காய்ந்த இலை எத்தனை சாக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும். பிளாஸ்டிக் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாயாருக்கு வயது எண்பத்து நான்கு, நாற்காலி அவருக்கு. பசியாறல் ஆலயத்தில் உண்டு.