கையிலிருந்து கைக்கு



கல்வி என்றவுடன் பள்ளிக்கூடமும் புத்தகமும் தேர்வுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஏட்டில் அடங்காத கல்வியும் ஒன்று உண்டு. இத்தாலி நாட்டில், ஒரு குடும்பத்தார் நடத்தும் சிற்றுணவகத்தில் உண்டபோது அதனை நேரில் கண்டேன். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இத்தகைய உணவகத்தை அந்நாட்டார் 'திராத்தோரியா' என்பர். ஆடம்பரம் அங்கு இராது. பெரும்பாலும் வீட்டாரே சமைப்பர், அவர்களே பரிமாறுவர், கணக்கும் அவர்களே பார்ப்பர். நான் சென்றது பொலோஞா என்னும் ஊருக்கு. 1088ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கொள்ளப்படும் பல்கலைக்கழகம் அவ்வூரில் இருக்கிறது. சட்டக் கல்விக்கு அது பழங்காலந்தொட்டே பெயர் பெற்றது. சமையலுக்கும் அவ்வூர் பெயர் பெற்றதே.

உணவகத்தில் பத்து மேசைகளே இருந்தன. எழுபது வயதைக் கடந்த பாட்டியார் ஒருவர் பெரிய மரப்பலகையின்முன் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தார். 100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை; தண்ணீர் சேர்ப்பதில்லை. பிசைந்த மாவைச் சற்று நேரம் மூடி வைத்தார். பின்பு நம் பூரிக்கட்டையைப் போல் இரு மடங்குக்கும் மேல் நீண்டதொரு கட்டையால் தேய்த்தார். பலகை முழுவதும் பரவிய மெல்லிய மாவை மடித்து, கத்தியால் நாடா நாடாவாக நறுக்கினார். இதுவே 'தாலியாத்தெல்லே'. அவ்வூரார் இதனை இறைச்சிக் குழம்புடன் உண்பர். புலால் உண்ணாத எனக்குத் தக்காளிக் குழம்புடன் அளித்தனர். அதன் சுவை இன்னும் நாவில் நிற்கிறது.

இந்த நாடாவின் அகலத்துக்கும் ஓர் அளவு உண்டு. வெந்தபின் அது 8 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும் என்று 1972ஆம் ஆண்டில் முறையாகப் பதிவு செய்தனர். தங்கத்தால் செய்த மாதிரியொன்று அவ்வூர் வணிகர் மன்றத்தில் உள்ளது. ஆயினும் பாட்டியார் எந்த அளவுகோலையும் தொடவில்லை. மாவின் பதத்தை அவருடைய விரல்களே அறிந்திருந்தன. தங்கத்தில் அளவைக் காக்கலாம். பதத்தைக் காப்பது எப்படி? ஒருவர் அருகில் நின்று மற்றொருவர் பழகினாலன்றி அது நிலைக்காது.

எங்களுக்குப் பரிமாறிய பெண் அவருடைய பேத்தி, சட்டம் பயில்பவள், ஆங்கிலம் அறிந்தவள். "படிப்பு முடிந்தபின் இந்தத் தொழிலை யார் நடத்துவார்?" என்று கேட்டேன். அவள் உடனே விடை கூறவில்லை. அடுப்பருகே நின்ற தந்தையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "தெரியவில்லை, ஐயா. எனக்கு வழக்கறிஞராக வேண்டும் என்பதே விருப்பம்" என்றாள். என் வினாவைப் பாட்டியாருக்கும் அவளே மொழிபெயர்த்துக் கூறினாள். அவர் கை நிற்கவில்லை. "இவளைக் கட்டிப்போட நான் இதைக் கற்பிக்கவில்லை. கற்றுக்கொண்டாள், எங்கே போனாலும் அது அவளோடு போகும்" என்றார்.

நாற்பது ஆண்டுக்காலம் ஆசிரியத் தொழில் புரிந்த நான் அந்த விடையை வியந்தேன். மாணாக்கனைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ள விரும்பாமல் கற்பிப்பவரே நல்லாசிரியர். அந்தக் கடை ஒருநாள் மூடப்படலாம். அந்தக் கைத்திறம் மூடப்படவேண்டும் என்பதில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்திலும் அளவுகோல் இன்றிப் பதம் அறிந்த கைகள் இருக்கும். தறியிலோ, தச்சுப் பட்டறையிலோ, வயலிலோ, அடுக்களையிலோ அவை உழைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் விரும்பும் படிப்பைப் படியுங்கள். விரும்பும் பணிக்குச் செல்லுங்கள். செல்லுமுன் சில நாள் அக்கைகளின் அருகே நின்று பழகுங்கள்.