குழந்தையை இழந்த வீட்டில் மூத்தோரின் பங்கு

(குடும்பப் பராமரிப்பாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போவது, பலரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு துயரத்தைப் பற்றி. கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது, பிறந்த சில நாள்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுவது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். இப்படி நேரும்போது உங்கள் மகளோ மருமகளோ மருத்துவமனையில் இருப்பது சில நாள்கள்தான். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அவர் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள். அதனால்தான் இந்தப் பயிற்சியை உங்களுக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்.

உங்கள் தலைமுறைக்கு இந்தத் துயரம் புதிதல்ல. 1965ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 26 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை சுமார் 2. 1966ஆம் ஆண்டில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. உங்களில் சிலர் அங்கேயே பிள்ளை பெற்றிருப்பீர்கள். அந்தக் காலத்தில் குழந்தையை இழந்த தாயிடம், “மறந்துவிடு, அடுத்ததைப் பார்” என்று சொல்வதுதான் வழக்கம். அப்படி ஒரு குழந்தையை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் இங்கேயும் இருக்கலாம். மறந்துவிடு என்றால் மறந்துவிடாது என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் மகளாலும் மறக்க முடியாது.

வாயிலிருந்து வரும் சொல்

தமிழில் ‘கலைந்தது’ என்பதற்கும் ‘கலைத்தது’ என்பதற்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. முன்னது தானாக நடந்தது. பின்னது ஒருவர் செய்தது. “என்ன சாப்பிட்டாய்? எதற்கு அவ்வளவு தூரம் நடந்தாய்? வேலையை அப்போதே விட்டிருக்கலாமே?” என்று நாம் கேட்கும்போது, அவர் காதில் விழுவது பின்னதுதான்.

தொடக்க மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே அதன் குரோமோசோம்களில் ஏற்படும் குறைபாடு. அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. பழுத்த பப்பாளியைத் தின்றதாலோ, கிரகணத்தின்போது வெளியே போனதாலோ, யாரோ கண் வைத்ததாலோ கரு கலைவதில்லை. பெரியவர்களான நீங்கள், “இது உன் தப்பு இல்லைம்மா” என்று ஒரு தடவை சொன்னால், மருத்துவர் பத்துத் தடவை சொல்வதைவிட அது அவர் மனத்தில் பதியும்.

“வயசு இருக்கே, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்” என்பதையும் “முழுசா வளராத கருதானே” என்பதையும் தவிருங்கள். நல்ல எண்ணத்தில் சொன்னாலும், போன குழந்தையை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை என்று அவருக்குத் தோன்றும். சொல்ல எதுவும் தோன்றாவிட்டால், “நான் இருக்கேம்மா” என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். பெற்றோர் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

உடம்புக்குச் செய்ய வேண்டியது

“கையில் பிள்ளை இல்லையே, பத்தியம் எதற்கு?” என்று சில வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பெற்ற உடம்பு எதுவானாலும் அதற்கு ஓய்வு வேண்டும், சத்தான உணவு வேண்டும். மிளகு ரசமும் சூடான சோறும் கீரையும் செய்துகொடுக்க உங்களைவிடத் தெரிந்தவர் யார்? பால் சுரப்பதற்கென்று நாம் கொடுக்கும் வெந்தயக் கஞ்சி, சுறாப்புட்டு போன்றவற்றை மட்டும் இப்போது விட்டுவிடுங்கள்.

கருவுற்று நான்கு மாதங்களுக்குப் பிறகு இழப்பு நேர்ந்தால், சில நாள்களில் தாய்க்குப் பால் கட்டக்கூடும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் பல தாய்மார்கள் திடுக்கிட்டுப் போகிறார்கள். மார்பில் குளிர்ந்த துணியை வைத்தால் வலி குறையும். இறுக்கிப் பிடிக்காத, ஆனால் நன்றாகத் தாங்கும் உள்ளாடை உதவும். சூடான ஒத்தடமும் அடிக்கடி பீய்ச்சுவதும் சுரப்பைக் கூட்டும். வலி தாங்க முடியாவிட்டால், ஆறுதலாகும் அளவுக்கு மட்டும் சிறிது பீய்ச்சலாம். வயிற்றில் எண்ணெய் தேய்ப்பதற்கும் வயிற்றைக் கட்டுவதற்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்:

• ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுவதும் நனையும் அளவு ரத்தப்போக்கு
• 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
• கடுமையான வயிற்று வலி, துர்நாற்றமுள்ள கசிவு
• மார்பு சிவந்து, சூடாகி, குளிரும் நடுக்கமும் வருதல்

மயக்கம் வந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 995ஐ அழையுங்கள்.

பெற்றோரைக் கேட்டுச் செய்யுங்கள்

மகள் வீடு திரும்புவதற்குள் தொட்டிலையும் சின்னச் சட்டைகளையும் எடுத்து ஒளித்துவைக்க நமக்குத் தோன்றும். அவசரப்படாதீர்கள். “இதை என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். “இருக்கட்டும்” என்றால் இருக்கட்டும்.

குழந்தையைத் தாய் பார்க்கக்கூடாது என்று பெரியவர்களே முடிவெடுத்து, எல்லாவற்றையும் விரைவாக முடித்துவிடுவது பழைய வழக்கம். பார்ப்பதா, கையில் ஏந்துவதா, கைரேகையும் காலடித் தடமும் எடுத்து வைத்துக்கொள்வதா என்பதைப் பெற்றோர் இருவருமே முடிவு செய்யட்டும். தாதியரிடம் கேட்டால் உதவுவார்கள். இறுதிச் சடங்கும் அப்படித்தான். இந்து, முஸ்லிம், கிறிஸ்துவக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. அதை எடுத்துச் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்பதை அவர்களிடம் விடுங்கள்.

தந்தையையும் கவனியுங்கள். மருத்துவமனைப் படிவங்கள், தொலைபேசி அழைப்புகள், வேலை என்று ஓடிக்கொண்டிருப்பார். அவரிடம் எல்லாரும், “அவளை நல்லா பார்த்துக்கோ” என்றுதான் சொல்வார்கள். “நீ சாப்பிட்டியாப்பா?” என்று நீங்கள் கேளுங்கள்.

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், “பாப்பா தூங்கிவிட்டது” என்று சொல்லாதீர்கள். தூங்கப் போகவே சில குழந்தைகள் பயப்படும். “பாப்பா இறந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை. நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை” என்று எளிமையாகச் சொல்லுங்கள்.

உறவினர் வீட்டில் வளைகாப்போ பெயர் சூட்டு விழாவோ வரும். ராசி பார்த்து அவரை ஒதுக்காதீர்கள். அழைப்பைக் கொடுங்கள். போவதும் போகாததும் அவர் விருப்பம். யாராவது குத்தலாகப் பேசினால், அந்த இடத்திலேயே நிறுத்தும் உரிமை மூத்தவரான உங்களுக்கு உண்டு.

எப்போது உதவி நாட வேண்டும்?

அழுகைக்குக் கால அளவு கிடையாது. குழந்தை பிறக்க வேண்டிய தேதி வரும்போதும் தீபாவளி, நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ் போன்ற நாள்களிலும் துயரம் திரும்ப வரும். அது இயல்பு. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் உணவும் இல்லாமல், யாருடனும் பேசாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம். “நான் இருந்து என்ன பயன்?” என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 995.

உங்களுக்கும் இது இழப்புதான். பேரப்பிள்ளைக்காகக் காத்திருந்தவர்கள் நீங்கள். மகளுக்கு முன் அழக்கூடாது என்று அடக்கிக்கொள்ள வேண்டாம். சேர்ந்து அழுவதில் தவறில்லை. உங்கள் பழைய துயரம் ஏதேனும் இப்போது மேலெழுந்தால், அதையும் யாரிடமாவது சொல்லுங்கள். மேலே சொன்ன எண்கள் உங்களுக்கும்தான்.

இந்தக் கையேட்டைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். எல்லார் முன்னிலையிலும் கேட்கத் தயங்கினால், வகுப்பு முடிந்ததும் தனியே வந்து பேசுங்கள்.