லோங்காங் தண்ணீர் எங்கே போகிறது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று சாக்கடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. சுங்கை பட்டாணி, சுங்கை லாலாங், குவாலா மூடா, குவாலா கெட்டில். இந்தப் பெயர்களில் என்ன ஒற்றுமை? மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு. குவாலா என்றால் ஆற்றின் முகத்துவாரம். கெடாவில் நம் ஊர்ப் பெயர்களிலேயே ஆறு ஓடுகிறது. இந்த மண்ணைத்தான் நம் முன்னோர் கடாரம் என்றார்கள். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்தது இங்கேதான். அதற்கு முன்பே வணிகர்களும் வந்தார்கள். மெர்போக், மூடா ஆறுகளின் வழியேதான் அவர்களுடைய மரக்கலங்கள் உள்ளே நுழைந்தன. பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில், இரும்பு உருக்கிய தடங்களோடு பழைய படகுத்துறையின் சுவடுகளும் வெளிப்பட்டன. ஆறுதான் நம்மை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்றால் அது மிகையாகாது.

அந்த ஆற்றுக்கு நாம் என்ன கைம்மாறு செய்கிறோம்?

நம்மில் பலர் நினைக்கிறோம், லோங்காங்கில் ஊற்றியதெல்லாம் எங்கேயோ ஓரிடத்தில் சுத்தம் செய்யப்படும் என்று. அப்படி இல்லை, பெரியோர்களே! நகரங்களிலும் தாமான்களிலும் கழிவறைத் தண்ணீருக்குத் தனிக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. மழைத் தண்ணீர் ஓடும் லோங்காங்குக்கு அப்படி எதுவும் கிடையாது. சின்ன லோங்காங் பெரிய லோங்காங்கில் சேரும். பெரியது ஓடையில் சேரும். ஓடை ஆற்றில் சேரும். வழியில் குப்பையைத் தடுக்க ஒரு கம்பி வலை இருந்தால் அதுவே அதிகம். எண்ணெயையும் சோப்பையும் விஷத்தையும் வலை தடுக்குமா?

சுங்கை பட்டாணி நகரின் அழுக்கு, அதே பெயருடைய ஆற்றில் இறங்கி மெர்போக் முகத்துவாரத்துக்குப் போகிறது. அங்கே இருக்கிற சதுப்புநிலக் காடுகளில்தான் இறாலும் நண்டும் மீனும் குஞ்சுப் பருவத்தில் வளர்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விலை பேசி வாங்குகிறோமே, அதே மீன்தான். நாம் ஊற்றியது நம் குழம்புச் சட்டிக்கே திரும்பி வருகிறது.

மூடா ஆற்றின் கதை இன்னும் பெரிது. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடும் கெடாவின் மிக நீளமான ஆறு அது. மேற்பகுதியில் கட்டிய அணையின் தண்ணீர் பெடு அணை வழியாக நெல் வயல்களுக்குப் போய், நாட்டுக்கே இருபோகச் சோறு போடுகிறது. கீழ்ப்பகுதியில் அந்த ஆறே கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. பினாங்கு மக்களின் குடிநீரில் பெரும்பகுதி அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கெடாவிலும் பல ஊர்க் குழாய்களில் வருவது மூடாத் தண்ணீரே. ஆக, மேட்டில் நாம் கொட்டுவதைப் பள்ளத்தில் ஒருவர் குடிக்கிறார். நமக்கும் மேட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

மழைக்கு இதில் என்ன பங்கு? நம் பக்கத்தில் தை, மாசி மாதங்களில் வெயில் கொளுத்தும். அப்போது சாலையிலும் முற்றத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு, மாட்டுச்சாணி, நெகிழிப் பை, உரத்தூள், குப்பைச் சாம்பல் எல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். பிறகு முதல் பெரிய மழை கொட்டும். அத்தனை அழுக்கையும் சில நிமிடங்களில் அது வாரிக்கொண்டு போய் ஆற்றில் சேர்த்துவிடும். "மழை பெய்து ஊர் சுத்தமாயிற்று" என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் அழுக்கு இடம்தான் மாறியது.

என் சிறுவயதில், நான் பிறந்த தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஓர் ஓடை இருந்தது. குளித்தோம், துவைத்தோம், துண்டை விரித்து மீன் பிடித்தோம். ரப்பர் ஆலைத் தண்ணீர் அதில் கலந்த பிறகு புளித்த வாடை வீசத் தொடங்கியது. மீன் செத்து மிதந்தது. எங்கள் அப்பாமார்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போனார்களே தவிர, கேட்க வழியில்லை. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. கழிவு நீரைச் சுத்தம் செய்த பிறகுதான் வெளியே விட வேண்டும் என்றாயிற்று. இன்றும் சட்டத்தை மீறுவோர் உண்டு. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அத்தகையோரைப் பிடிக்க இலாகா இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுக் கொல்லையில் எந்த அதிகாரி வந்து நிற்கப் போகிறார்? அங்கே காவல் நாம்தான்.

பிறரைக் குறை சொல்வதற்கு முன் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980களில் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே கறுப்பு எண்ணெயை மாற்றிவிட்டு, பழையதைப் பின்னால் இருந்த லோங்காங்கில் ஊற்றினேன். மாலையில் நல்ல மழை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஆயா வந்து கதவைத் தட்டினார். அவர் கையில் ஒரு வாத்து. வெள்ளை வாத்து கறுப்பாகிக் கிடந்தது.

"ஏன்டா தம்பி, நீ ஊத்துனது உன் வூட்டோட நின்னுச்சா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. கிழிந்த துணியும் சோப்பும் வைத்து இருவரும் நான்கு வாத்துகளைக் கழுவினோம். மூன்று பிழைத்தன. ஒன்று பிழைக்கவில்லை. ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் நான் இன்று இங்கே பேசும் பாடம் முழுவதும் அவருடைய அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது.

சரி, நாம் என்ன செய்யலாம்? காசு செலவில்லாத காரியங்களாகவே சொல்கிறேன்.

தாய்மார்களே! தீபாவளி நம் பக்கத்தில் மழைக்காலத்தில்தான் வருகிறது. முறுக்கு சுட்ட எண்ணெயை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். ஆறவைத்துப் புட்டியில் அடைத்து வையுங்கள். அதை விலைக்கு வாங்குவோர் இருக்கிறார்கள். கோழிக்குடலையும் மிச்சச் சோற்றையும் தண்ணீரில் போட்டால் எலிதான் பெருகும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரும்; வெள்ளம் வடிந்த பிறகு இந்த ஆபத்து அதிகம்.

இளைஞர்களே! கறுப்பு எண்ணெயை மோட்டார் பட்டறையில் கொடுங்கள். காடி கழுவுவதாயின் சிமெண்டுத் தரையில் கழுவாமல் புல்தரையில் கழுவுங்கள்; தண்ணீரை மண் வடிகட்டும்.

தோட்டத்தில் மருந்து அடிக்கும் அக்கா, அண்ணன்மார்களே! உங்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். பாராகுவாட் 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகளும் பால் அல்ல. பம்பை ஓடையில் கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை வேலைக் காட்டிலேயே அடித்துவிடுங்கள். காலி டின்னில் குடிதண்ணீர் பிடிக்கவே பிடிக்காதீர்கள். வானம் கறுத்திருக்கும்போது உரம் போட்டால் அது மரத்துக்குப் போகாது. ஆற்றுக்குப் போய்ப் பாசியை வளர்த்து மீனின் மூச்சை அடைக்கும். இதை நீங்கள் மண்டோரிடம் எடுத்துச் சொல்லலாம். அது முதலாளிக்கும் இலாபந்தானே!

கோயில் பொறுப்பாளர்களிடமும் கைகூப்பிக் கேட்கிறேன். பூவும் இலையும் மண்ணில் புதைத்தால் உரமாகும். நெகிழிப் பையோடு ஆற்றில் விட்டால் அது அர்ச்சனை ஆகாது.

"ஒருவர் திருந்தினால் ஆறு திருந்துமா?" என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் நாறிக் கிடந்தது. 1977இல் பத்தாண்டுத் தவணை வைத்து வேலையைத் தொடங்கினார்கள். பன்றிப் பண்ணைகளையும் தெருக்கடைகளையும் இடம் மாற்றினார்கள். அடியில் படிந்த சேற்றை அள்ளினார்கள். 1987இல் ஆறு சுத்தமாகி மீன் திரும்பியது. அரசாங்கம் செய்தது பெரிய வேலை. ஆனால் மக்கள் மீண்டும் கொட்டியிருந்தால் அது நிலைத்திருக்குமா?

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு லோங்காங் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த ஓடையில் சேருகிறது என்று அப்பாவோடு நடந்துபோய்ப் பாருங்கள். ஒரு தாளில் படமாக வரையுங்கள். கடைசியில் அது சேரும் ஆற்றின் பெயரை எழுதுங்கள். அந்தப் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அம்மா எண்ணெய்ச் சட்டியோடு பின்கதவுக்குப் போகும்போது, ஆயா என்னைக் கேட்டதை நீங்கள் மெதுவாகக் கேளுங்கள்.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார். வானம் தரும் மழை சுத்தமாகத்தான் இறங்குகிறது. அது ஆற்றை அடையும்வரை சுத்தமாக வழியனுப்பி வைப்பது நம் கடமை.