ஏதோ ஒரு வண்டு: படத்திலிருந்து பெயருக்கு



சுங்கைப்பட்டாணியின் புறநகரிலும், கூலிம், பீடோங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலும், குனோங் ஜெராய் மலையடிவாரத்திலும் நம் பிள்ளைகள் தாம் கண்ட பூச்சிகளைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து, "இஃது என்ன?" என்று வினவுகின்றனர். "ஏதோ ஒரு வண்டு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவ்விடை போதுமா என்பதே இவ்வுரையின் பொருள்.

போதாது என்பதற்குச் செம்பனைத் தோட்டமே சான்று. அங்கு வாழும் வண்டுகளுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். முதலாவது காண்டாமிருக வண்டு: பருத்த கரிய உடல், தலையில் கொம்பு. மக்கிய மரத்தண்டில் புழுவாக வளரும். வண்டானபின் குருத்தைத் துளைத்து உண்ணும். மட்டை விரிந்ததும் கத்தரியால் வெட்டினாற்போன்ற முக்கோண வடு தெரியும். இரண்டாவது, ஆண் பூங்குலையில் மொய்க்கும் கூன்வண்டு. சில மில்லிமீட்டர் நீளமே உடையது. மகரந்தத்தைப் பெண் பூவிற்குக் கொண்டு சேர்ப்பது இதுவே. ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து தருவிக்கப்பெற்று, 1981ஆம் ஆண்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. அதற்குமுன் பல தோட்டங்களில் தொழிலாளர்களே பூங்குலைதோறும் மகரந்தத் தூளைத் தூவவேண்டியிருந்தது. ஒன்று பகை, மற்றொன்று துணை. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி மருந்தடித்தால், இழப்பு நமக்கே.

அவ்வாறாயின், படத்திலுள்ள பூச்சியை அடையாளங்காண்பது எவ்வாறு? முதலில் பெரும் பிரிவை அறிதல் வேண்டும். கால்கள் ஆறா, எட்டா? எட்டெனில் அது சிலந்தி இனம், பூச்சியன்று. இறக்கை இரண்டா, நான்கா? முன்னிறக்கை கெட்டியான மூடியாக அமைந்திருப்பின் வண்டு. ஓய்ந்திருக்கும்போது இறக்கையை விரித்து வைப்பது தட்டான். பெரும்பாலும் உடலோடு சேர்த்து மடித்து வைப்பது ஊசித்தட்டான். பிறகே இனத்தின் பெயரைத் தேடலாம்.

ஆதலின் ஒரு படம் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகத்தை நோக்கி ஒன்று என எடுத்தல் நன்று. அளவறிய அருகில் ஒரு பத்துக் காசு நாணயத்தை வைக்கலாம். நாள், நேரம், இடம், அமர்ந்திருந்த செடி ஆகியவற்றைக் குறித்தல் இன்றியமையாதது. செடி தெரிந்தால் புழுவின் பெயர் பாதி தெரிந்தது போலாகும்.

இக்குறிப்பின் மதிப்பை நம் நாட்டு நிகழ்வொன்று காட்டும். 2011ஆம் ஆண்டு சிலாங்கூர்க் காட்டில் குவெக் ஹோக் பிங் என்னும் ஒளிப்படக்கலைஞர் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியொன்றைப் படமெடுத்தார். இறக்கையில் கருநிறக் கோலம் இருந்தது. பூச்சி பறந்துவிட்டது, படம் இணையத்தில் ஏறியது. கலிபோர்னியாவில் பணியாற்றிய பூச்சியியலார் ஷான் விண்டர்டன் தற்செயலாக அதனைக் கண்டு, அறியப்படாத இனமோ என ஐயுற்றார். ஆயினும் படத்தைக்கொண்டே முடிவு கூறவில்லை. ஏறத்தாழ ஓராண்டிற்குப் பின் குவெக் அதே இடத்திற்குச் சென்று ஒன்றைப் பிடித்தார். அது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டீவ் புரூக்ஸிடம் ஆய்விற்குச் சென்றது. 2012இல் மூவரும் இணைந்து அதனைச் 'செமாக்ரைசா ஜேட்' என்னும் புதிய இனமாக வெளியிட்டனர். படம் வினாவை எழுப்பியது. பூச்சியே விடை தந்தது. எடுத்த இடம் நினைவில் இல்லையெனில் அவ்விடையும் கிட்டியிராது.

"தட்டான் வகை, இனம் தெளியவில்லை" என எழுதுவதும் நேர்மையான விடையே. துணிந்து சொன்ன தவறான பெயரைவிட அது மேலானது.

இறுதியாக மொழிக்கு வருவோம். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கிய மரபு நம்முடையது. முன்கால்களைக் குவித்திருப்பதைக் கண்டவர் கும்பிடுபூச்சி என்றார்; இருளில் ஒளிர்வதைக் கண்டவர் மின்மினி என்றார். உற்று நோக்கியவரே பெயரிட்டார். அப்பெயர்கள் தோட்டத்து மூத்தோர் நாவில் இன்னும் வாழ்கின்றன. தோட்டங்கள் கலைந்து குடும்பங்கள் நகரம் புகப்புக, அவையும் மறையும். ஆகவே ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஒரு குறிப்பேடு தொடங்கட்டும். ஒரு பக்கத்தில் மாணவர் எடுத்த படம். எதிர்ப்பக்கத்தில் நாள், இடம், செடி, பாட்டி சொன்ன பெயர், அறிவியற்பெயர். பெயர் தெரியாத இடத்தை வெறுமையாகவே விட்டுவைப்போம். அடுத்த ஆண்டு மாணவர் அதனை நிரப்பட்டும்.