கடல் கடந்து கற்போர்க்கு ஊர் வைத்திருக்கும் இடம்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



நூற்பாலை ஊதியத்திலும் காட்டு வேலைக் கூலியிலும் மிச்சம் பிடித்து நாம் வளர்த்த சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. நம் பிள்ளைகள் இப்பொழுது அயல்நாடு சென்று கற்கவும் விழைகின்றனர். அக்கல்வி அவர்களை எவ்வாறு ஆக்கும்? அவர்க்கு நாம் செய்ய வேண்டுவது யாது? இவ்விரு வினாக்களையே இங்கு ஆராய எண்ணுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். கல்வித் தத்துவ அறிஞர் ஜான் டூயியிடம் பாடம் கேட்டார். பட்டங்களினும் பெரிய பேறு ஒன்றும் அங்கே அவருக்கு வாய்த்தது: தாம் தீண்டத்தகாதவர் என்னும் நினைவே மனத்தை விட்டு அகன்றது. ஆனால் 1917-இல் பரோடா திரும்பியபோது தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கிய அவரைத் தடியேந்திய கூட்டம் பதினோராம் நாளில் வெளியேற்றியது. உலகம் அளித்த மதிப்பை ஊர் அளிக்கவில்லை. எனினும் அவர் மனம் ஒடியவில்லை. 1924-இல் சங்கம் கண்டார். மாணவர் விடுதி நடத்தினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். தமக்கு மறுக்கப்பட்ட கூரையைப் பிறர் பிள்ளைகளுக்கு அமைத்தார்.

நம் கோவையிலும் ஒரு சான்று உண்டு. இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1957-இல் தோன்றிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியின் முதல்வராக விளங்கி, பள்ளிப் பிள்ளைகளின் உணவையும் ஊட்டத்தையும் ஆய்ந்தார். அயல்நாட்டில் கற்ற அறிவியல் நம் ஊர்க் குழந்தையின் தட்டுக்கு வந்து சேர்ந்தது. கல்வியும் நலவாழ்வும் இணையும் இடம் அதுவே.

இளைஞர்களே, செல்லுமுன் வழியறிந்து செல்லுங்கள். நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்குமே உரியது. இளநிலை மருத்துவத்திற்கு அன்று. அயல்நாட்டில் மருத்துவம் கற்க முதலில் நீட் தகுதி வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, படிப்பு ஆங்கில வழியில் 54 மாதங்களுக்குக் குறையாது இருத்தல் வேண்டும். திரும்பிய பின் தகுதித் தேர்வும் உண்டு. இவற்றை அறியாமல் தரகர் சொற்கேட்டு வீட்டுமனையை அடகு வைத்தல் ஆகாது.

பெரியோர்களே, "திரும்பி வந்து தொண்டாற்று" என்று பிள்ளைகளிடம் கேட்கிறோம். இரட்டைக் குவளையைக் கண்டு வளர்ந்த பெண், சரிநிகராய் வாழ்ந்து பழகியபின், எதை நம்பித் திரும்புவாள்? அவள் தங்க ஓர் அறை, கடன் தீரும் வரை கைகொடுக்கும் நிதி, அவமதிப்பு நேர்ந்தால் உடன் நிற்கும் கூட்டம் ஆகிய மூன்றையும் நாம் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டாமா? வாராதவரைப் பழிப்பதற்கு முன் நம் கடமையை எண்ணிப் பார்ப்போம்.

அண்ணலுக்குப் பரோடாவில் கிடைக்காத அறையை நம் சங்கக் கட்டடத்தில் அமைப்போம். அதுவே இவ்வெள்ளி விழாவின் நிலைத்த நினைவாகட்டும்.