திறக்காத டிஸ்க், தொலைந்த டிஸ்க் அல்ல



நெருப்பெரிச்சல் போன்ற திருப்பூர்ப் பகுதிகளில் பனியன் தொழில் இன்று துணியிலும் நூலிலும் மட்டும் ஓடவில்லை. பிரிண்டிங் டிசைன், எம்பிராய்டரி ஃபைல், கட்டிங்குக்கான மார்க்கர், பையர் அனுப்பிய அளவுப் பட்டியல் எல்லாமே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அந்த டிஸ்க் ஒருநாள் திறக்க மறுத்தால், ஆர்டரே கைவிட்டுப் போனதுபோல வயிறு கலங்கும். அப்போது என்ன செய்வது, அதைவிட முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களும் இருக்கும்போது இப்படி நடக்கலாம். அப்படி இரண்டும் இருப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. தையல் வேலைக்குப் போகும் எத்தனையோ பேரின் வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். டிஸ்க்கில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு தனிப் பகுதி, அதாவது பார்டிஷன் வைத்து, அதில் ஃபைல்களைப் போட்டு வைப்பது வழக்கமும் ஆனது.

சிக்கல் இப்படித்தான் வரும். ராத்திரி விண்டோஸில் டிசைனை முடித்து ஷட் டவுன் கொடுக்கிறோம். காலையில் லினக்ஸில் ஏறி அதே பார்டிஷனைத் திறந்தால், ஒன்று திறக்காது. அல்லது படிக்க மட்டும் விடும், ஒரு எழுத்துக்கூட எழுத விடாது. டிஸ்க் கெட்டுப் போய்விட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காகத் தன் நிலையை டிஸ்க்கிலேயே எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. கணக்குப்பிள்ளை வரவைப் பாதி எழுதிவிட்டு, மீதியை மனசில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போனதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வேறொருவர் அதே பேரேட்டில் எழுதினால் இரண்டு கணக்கும் குழம்பும். லினக்ஸ் எழுத மறுப்பது அதனால்தான். அந்த மறுப்பு உங்கள் ஃபைலைக் காப்பாற்றுகிறது. ஆகவே, வற்புறுத்தித் திறக்கும் கட்டளைகளை யாராவது சொன்னாலும், உடனே அடித்துவிடாதீர்கள்.

திரும்ப விண்டோஸுக்குப் போங்கள். அங்கிருந்து ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து நேரே லினக்ஸுக்கு வாருங்கள். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுதாக மூடிக்கொள்ளும். பல சமயம் இதுவே போதும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். கரண்ட் போய் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்திருந்தால், விண்டோஸிலேயே அந்த டிரைவுக்கு 'எரர் செக்கிங்' ஓட்டுங்கள். அது விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் எழுதிய டிஸ்க். அதைப் பழுதுபார்க்க விண்டோஸே நல்லது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 முறையில் உள்ள டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், அதற்கு அந்த எழுத்து புரியாது. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். ஃபைல்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும்போதே அப்படிக் கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்தினால், ஒரு சீசன் முழுக்கச் செய்த டிசைன் போய்விடும். 'கேன்சல்' அழுத்துங்கள். டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

புதிதாக ஒரு பொது டிஸ்க் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஃபேட் 32 எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஆனால் 4 ஜிபி அளவையோ அதற்கு மேற்பட்டதையோ ஒரே ஃபைலாக ஏற்காது. என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கை ஆப்பிள் மேக் படிக்கும், தானாக எழுதாது. எக்ஸ்-ஃபேட் முறையை மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளிப்படையாக்கியது. அதே ஆண்டு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளும் அது வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கை மாறும் டிஸ்க்குக்கு இதுதான் வசதி. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்துக் கழற்றினாலோ கரண்ட் போனாலோ, தானே சரிசெய்துகொள்ளும் பதிவேடு எக்ஸ்-ஃபேட்டில் இல்லை. அதனால் 'இஜெக்ட்' கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

எந்த முறையை வைத்தாலும் ஒரே ஒரு டிஸ்க்கை நம்பித் தொழில் நடத்தாதீர்கள். டிசைன் அனுப்பிய அன்றே இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி போடுங்கள். அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அது பிரதி. இந்த வேலையைப் பட்டறையில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் இதை மனமுவந்து செய்வார்கள்.